மகள் பங்கு

1953 மே 9

கடையில் இன்று கூட்டமில்லை. வள்ளக்காரர்கள் இருவர் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். நைந்த கயிறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நைந்தது உங்கள் கை என்றேன். ஒன்றும் வாங்கவில்லை. போகட்டும்.

மாலையில் மச்சான் கிபாயத்துல்லா வந்தான். மறைந்த என் மனைவி ரம்லத் பீவியின் தம்பி. வாராவாரம் கட்டுமாவடிக் கருவாட்டை இலுப்பூர்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறவன். வெறுங்கூடையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"நோன்பு வருது மச்சான். பெருநாள் கழிஞ்சா அக்காவுக்கு வருசப் பாத்திஹா. இனிப்பு மாங்காய் இல்லாம எப்படி ஓதுறது? இலுப்பூர்ல ஒங்க மக நசீராகிட்டப் பக்குவம் கேட்டுக்கிட்டு வாரேனே."

"கேட்டா இந்த வாசல்ல கால் வைக்காதே."

"எனக்கென்ன, கருவாட்டை வாசல்லயே வச்சிட்டுப் போறேன்" என்றான்.

1953 மே 10

நேற்று எழுதியதைப் படித்தேன். கிபாயத்துல்லாவிடம் கடுமையாகப் பேசியதாகத் தெரிகிறது. பேசியது சரிதான்.

போன வருடம் நசீராவின் பிரசவத்துக்கென்று ரம்லத் இலுப்பூர் போனாள். பேரன் நன்றாகப் பிறந்தான். இவள் காய்ச்சலில் விழுந்தாள். எனக்கு ஆள் வந்து, அறந்தாங்கி போய், புதுக்கோட்டை போய், இலுப்பூர் பஸ் பிடித்து இறங்கும்போது அவளை அடக்கிவிட்டு, கபரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மையத்தைக் காக்க வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒரு பஸ் வருகிற நேரம்கூடவா? கூட வாழ்ந்தவன் முகம் பார்க்க வேண்டாமா?

படுக்கையில் கிடந்தபோது மாங்காய்ப் பக்குவத்தை மகளுக்குச் சொன்னாளாம். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அடுப்படிப் பக்கம் போனாலே விரட்டுவாள். ஆக, முகமும் நசீராவுக்கு, பக்குவமும் நசீராவுக்கு.

நான் கேட்கமாட்டேன். மளிகைப் பொட்டலக் காகிதத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இந்த மாங்காயா எனக்கு வராது?

1953 மே 28

போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மீன்காரி செவந்தி, தன் தம்பி தோப்பிலிருந்து செங்காயாகப் பொறுக்கி வந்து கொடுத்தாள். பழுக்கவும் கூடாது, காயாகவும் இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். உப்பில் பிசிறி வெயிலில் காயவைத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, மிளகாயும் சுக்கும் இடித்துப் போட்டு ஜாடியில் அடைத்து, வாயில் துணி கட்டி வெயிலில் வைத்தேன்.

செவந்தி எட்டிப் பார்த்தாள். "துண்டு ஒவ்வொண்ணும் செங்கல்லு மாதிரி இருக்கேண்ணே. கோடாலியாலயா வெட்டுனீங்க?"

நோன்பில் இருப்பதால் ருசி பார்க்க முடியவில்லை. அதற்கும் சிரித்தாள்.

1953 ஜூன் 10

நோன்பு திறந்தபின் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். கிராம்பு.

நான் கிராம்பு போடவில்லை. வீட்டில் கிராம்பே கிடையாது. எனக்கு அந்த வாடை ஆகாது, பல்வலிக்குக்கூட வாங்கமாட்டேன். கரண்டியை விட்டு அடிவரை துழாவினேன். ஒரு மொட்டுக்கூட இல்லை. ஆனால் ரம்லத் சமைத்த காலத்தில் வீட்டில் இருந்த அதே வாடை, கதவு மூலையிலிருந்து வருகிற மாதிரி வருகிறது.

1953 ஜூன் 23

லெப்பை வந்து பாத்திஹா ஓதினார். நெய்ச்சோறு, கறி, நடுவில் ஜாடி.

ரம்லத் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. தாய்க்கு ஓதியதில் முதல் பங்கு மகளுக்கு. அவள் வாயில் பட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். மகள் வெளியூரில் இருந்தால் பங்கு போய்ச் சேரும்வரை ஜாடி மூடியே இருக்கும். கிபாயத்துல்லா தூக்குச் சட்டியோடு வந்து நின்றான்.

"இந்த வீட்டில் மகள் பங்கு கிடையாது" என்றேன்.

"அது நீங்க குடுக்குறது இல்ல மச்சான். அக்கா குடுக்குறது."

லெப்பை என்னைப் பார்த்தார். நான் ஜாடியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து எல்லோருக்கும் முன்னால் தின்றேன். மற்றவர்கள் ஒருவர்கூட ஜாடியைத் தொடவில்லை. நெய்ச்சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள்.

1953 ஜூலை 18

நசீராவும் அவள் வீட்டில் மாங்காய் போட்டிருக்கிறாள். கிபாயத்துல்லா சொன்னான். "கைப்பிடி கிராம்பு போட்டிருக்கா மச்சான். மருந்துக்குக்கூட மணமில்ல. மொட்டைக் கடிச்சா மரத்தூள் மாதிரி இருக்கு."

கைப்பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது என்றேன். இன்று சந்தோஷமாகத் தூங்குவேன்.

1954 மே 30

பாகு அடிப்பிடித்துவிட்டது. பத்திரிகை படித்துக்கொண்டே கண்ணயர்ந்தது என் தவறு. கரிக்கட்டையாக இருக்கிறது. கொட்ட மனமில்லை. மாங்காயை அதிலேயே போட்டு அடைத்துவிட்டேன். ஒரு வருடம் கசந்தால் குடிமுழுகாது.

1954 ஜூன் 9

துணியை அவிழ்த்தேன். பாகு தேன் நிறத்தில் தெளிந்து கிடக்கிறது. ஜாடியின் அடி தெரிகிறது.

1954 ஜூன் 13

நேற்று பாத்திஹா. இந்த வருடமும் இலுப்பூருக்கு ஒன்றும் போகவில்லை. கிபாயத்துல்லா சட்டி கொண்டுவரவில்லை, கேட்கவும் இல்லை.

இன்று செவந்திக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டாள். மென்றுகொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டாள். எழுந்துபோய் வேலியோரம் துப்பினாள்.

"என்ன, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ரம்லத்தக்கா கையி. அதான்." வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள். "அண்ணே, எனக்கு இனிமே குடுக்காதீங்க. இருக்கிறவங்க போட்டதக் குடுங்க, திங்கிறேன்."

ஏன் இப்படிப் பேச வேண்டும்? போட்டது நான்தானே.

1954 ஆகஸ்ட் 21

நசீராவின் பாகு இந்த வருடம் கரிந்த ருசியாம். அடுப்பை விட்டு நகரவே இல்லையாம் அவள். அதோடு இன்னொன்றும் கிபாயத்துல்லா சொன்னான். அடுப்பில் சோறு தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து இறக்கியிருக்கிறாள். நசீரா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அவ மூக்குக்கு வாசமே தெரியல மச்சான். மீனா மல்லிப்பூவான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

சளியாக இருக்கும் என்றேன்.

1954 ஆகஸ்ட் 22

சளிதான்.

1955 மே 8

இந்த முறை மாங்காயும் உப்பும் மட்டும். கருப்பட்டி இல்லை, மிளகாய் இல்லை, ஒன்றுமே இல்லை. என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். மண்டைக்குள் ஓடுகிற பயித்தியக்கார நினைப்புக்கு ஒரு முடிவு வரும்.

1955 மே 20

இனிக்கிறது.

1955 ஜூலை 9

மருமகன் சேக் அலாவுதீன் நசீராவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறான். நாக்கில் ஒன்றுமில்லை, குடலில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இனிப்பு தெரியவில்லை அவளுக்கு. உப்பும் தெரியவில்லை. சோற்றை வாயில் வைத்தால் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறதாம், துப்பிவிடுகிறாளாம். வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறதாம்.

கிபாயத்துல்லா இன்று உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"ஒங்க ஜாடியில ஏறுறதெல்லாம் அவகிட்டேருந்து எறங்குது மச்சான். ஒங்களுக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே திங்கிறீங்க."

"மாங்காய்க்கு என்னடா அறிவு இருக்கு, இலுப்பூருக்கு வழி கேட்டுப் போறதுக்கு?"

"மாங்காய்க்கு இல்ல. அக்காவுக்கு இருக்கு. மகளுக்குன்னு வச்சுட்டுப் போனத நீங்க மொதல்ல வாயில போட்டீங்க."

வெளியே போ என்றேன். போய்விட்டான்.

அவன் போன பிறகு ஜாடியைப் பரண்மேல் ஏற்றினேன். இனி தின்னப்போவதில்லை. அவன் சொன்னதற்காக அல்ல. இனிப்பு பல்லுக்கு ஆகவில்லை.

1955 டிசம்பர் 5

புயல் கடந்து நாலைந்து நாளாகிறது. இன்றுதான் காகிதம் காய்ந்தது. கடையின் கூரையே இல்லை. கயிறெல்லாம் சேறு. கரையில் வள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. செவந்தியும் அவள் பிள்ளைகளும் பள்ளிவாசலில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள்.

என் வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. பரண் சரிந்து அதிலிருந்த அண்டாவும் சட்டியும் முற்றத்தில் நசுங்கிக் கிடக்கின்றன. ஜாடி அடுப்படியில் நிற்கிறது. ரம்லத் எப்போதும் வைக்கிற இடத்தில், அம்மிக்குப் பக்கத்தில். வீடெல்லாம் முழங்கால் சேறு. வாயில் கட்டிய துணி நனையவில்லை.

நான் எடுத்து வைக்கவில்லை. அன்று நானும் பள்ளிவாசலில்தான் இருந்தேன்.

பஸ் ஓடவில்லை. இலுப்பூரில் என்ன நிலைமை என்று தெரியவில்லை. கிபாயத்துல்லாவிடம் கேட்க நினைத்தேன், அவன் இந்தப் பக்கம் வருவதில்லை.

1956 ஜனவரி 16

நானே போய் கிபாயத்துல்லாவைக் கூப்பிட்டேன். ஜாடியை அப்படியே கொடுத்தேன். "எல்லாத்தையும் அவளுக்கே கொண்டுபோய்க் குடு. எனக்கு ஒண்ணும் வேணாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான். அவன் அக்காவும் கோபம் வந்தால் இப்படித்தான் பேசாமல் இருப்பாள்.

1956 ஜனவரி 24

ஜாடி திரும்பி வந்துவிட்டது. ஒரு துண்டு குறைந்திருக்கிறது. அதையும் அவளால் விழுங்க முடியவில்லையாம். வீட்டில் மற்றவர்கள் தின்றிருக்கிறார்கள், ருசியில் கண்ணை மூடிக்கொண்டு தின்றிருக்கிறார்கள். அவள் நாக்குக்கு மட்டும் பச்சைத் தண்ணீர்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அத்தா வச்சுக்கட்டும்னு சொன்னா."

1956 பிப்ரவரி 2

மாங்காய் முழுவதையும் ஜாடியோடு கடலோரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன்.

1956 ஏப்ரல் 19

இந்த வருடம் மாங்காய் போடப்போவதில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. மனதை அதில் வைத்திருக்கிறேன்.

1956 ஏப்ரல் 27

செவந்தி வழக்கம்போல் செங்காய் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. கடைக்கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். "யார்கிட்டப் பேசுறீங்க?"

"யார்கிட்டயும் பேசலையே."

"பேசுனீங்க. கழுவாதே, துணியால தொடை, தண்ணி பட்டா பூத்துப்போகும்னு..." அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காலடியில் அரிவாள்மனை. தாம்பாளம் நிறைய மாங்காய்த் துண்டுகள், வெற்றிலை மாதிரி மெல்லிசாக. ஓலை ஒரு பக்கமாகக் கிடந்தது.

"ஒங்க குரலுதான்" என்றாள் செவந்தி. "பேச்சு ஒங்க பேச்சு இல்ல." போய்விட்டாள்.

கழுவக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று வருடமும் நான் கழுவித்தானே போட்டேன்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் தெரிகிறது. கிராம்பை எப்போது போட வேண்டும், பாகு கரண்டியிலிருந்து எப்படி விழ வேண்டும், எந்த வெயிலில் வைக்க வேண்டும். ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ரம்லத் சொல்கிற மாதிரியே தெரிகிறது. படுத்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, தலைமாட்டில் நான் இல்லாமல் வேறு யாரோ உட்கார்ந்திருக்க—

இது எனக்குச் சொன்னது இல்ல. எனக்குச் சொன்னது இல்ல இது.

1956 மே 17

கிபாயத்துல்லா வந்தான். நசீரா எழுந்து நடமாடுவதில்லையாம். கஞ்சியும் இறங்கவில்லையாம். "பாக்கணும்னா இப்பப் போய்ப் பாத்துக்கங்க. அப்புறம் பஸ்ஸு லேட்டுன்னு அழுவாதீங்க" என்றான்.

அடித்திருப்பேன் அவனை. கை எழவில்லை.

1956 மே 20, இலுப்பூர்

வந்துவிட்டேன். மருமகன் வாசலுக்கு வந்து, "வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டான். குத்தலாக ஒரு வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. பேரன் தூணுக்குப் பின்னால் நின்று என் தாடியைப் பார்த்தான்.

நசீரா உள்ளறையில் பாயில் கிடந்தாள். என் மகள் என்று சொன்னால்தான் தெரியும். கண் மட்டும் பழைய கண்.

"வாங்கத்தா. சாப்பிட்டீங்களா?"

நான் உட்கார்ந்தேன். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் வேறு என்னென்னமோ பேச நினைத்திருந்தேன். வாயில் வந்தது அதுதான்.

"ஏன்மா எனக்காகக் காத்திருக்கல?"

அவள் கோபப்படவில்லை. கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மாவத் தூக்க வந்த சந்தூக்குக் கால நான் பிடிச்சுக்கிட்டேன் அத்தா. எங்க அத்தா வர்ற வரைக்கும் விடமாட்டேன்னு. அசர் தொழுகைக்கு முன்னாடி தூக்கணும்னு பெரியவங்கள்லாம் சொன்னாங்க. நான் விடல. பொம்பளைங்க வந்து என் விரலப் பிரிச்சு எடுத்தாங்க. பச்ச ஒடம்புக்காரி, எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?"

இந்த வருடங்களில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

"அம்மா சொன்ன மாங்காய்ப் பக்குவத்தைச் சொல்லு" என்றேன். கேட்டுவிட்டேன். கேட்கமாட்டேன் என்றிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள்.

"போயிருச்சு அத்தா. அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. வாய் அசையுறது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னாங்கன்னு இல்ல. இந்த மூணு வருசமா கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சிருச்சு."

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். தலைமாட்டில்.

"கழுவாதே" என்றேன். "துணியால தொடை. தண்ணி பட்டா பூத்துப்போகும்."

அவள் கழுத்தைத் திருப்பினாள்.

சொல்லத் தொடங்கினேன். என் பேச்சு என்று சொல்ல முடியாது. அது மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் மூச்சு வாங்கினேன். கிராம்பைக் கடைசியில் போடு, வறுத்திடாதே. பாகு விழும்போது நூல் ஒண்ணு நிக்கணும், ரெண்டு நின்னா கெட்டுச்சு. வாய்கட்டுறப்ப யார்கூடவும் சண்ட போட்டுட்டுக் கட்டாதே. ஒங்க அத்தா அடுப்படிப் பக்கம் வந்தா வெரட்டு, அந்த மனுசன் கை வச்சா உப்புக் கரிக்கும்.

கடைசி வாக்கியம் வந்தபோது நசீரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இதத்தான் அத்தா. இதத்தான் சொன்னாங்க."

சொல்லச் சொல்ல எனக்குள் ஒவ்வொன்றாக விளக்கு அணைகிற மாதிரி இருந்தது. பயந்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

1956 மே 21, இலுப்பூர்

காலையில் கஞ்சி குடித்தாள். அரைக் கிண்ணம். "உப்புப் போடலையா" என்று புருஷனிடம் கேட்டிருக்கிறாள். அவன் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டான். பிறகு கொல்லைப் பக்கம் ஓடினான், அழுவதற்கு.

நேற்று நான் சொன்னதை இங்கே எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தேன். மாங்காய். அப்புறம்? தெரியவில்லை.

1956 ஜூன் 3

கட்டுமாவடி. டீக்கடையில் மரியசெல்வத்தோடு சண்டை. சர்க்கரை போடாமல் டீ கொடுக்கிறான்.

"ரெண்டு கரண்டி போட்டிருக்கேன் பெரியவரே. இந்தா, கிளாசுக்கு அடியில பாருங்க" என்றான்.

பார்த்தேன். கரையாமல் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மணல்.

1956 ஜூன் 4

நெத்திலிக் கருவாட்டை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடலும் இல்லை.

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

1957 பிப்ரவரி 11

சாப்பிட வேண்டிய நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். சூடு தெரிகிறது. அது போதும்.

1957 மே 12

கிபாயத்துல்லா இலுப்பூரிலிருந்து வந்தான். கூடைக்குள் வைக்கோல் சுற்றிய புது ஜாடி. பாத்திஹா அங்கேதான் ஓதினார்கள். நசீரா முதல் துண்டைத் தான் தின்றுவிட்டு, மீதியில் பாதியை எனக்கு அனுப்பியிருக்கிறாள். கன்னத்தில் சதை வைத்துவிட்டதாம். சந்தைக்கு நடந்தே வந்து இவனோடு கருவாட்டுக்குப் பேரம் பேசினாளாம், விடவே இல்லையாம்.

செவந்தியைக் கூப்பிட்டான். அவள் வாசலில் நின்று யோசித்தாள். "யார் போட்டது?" என்று கேட்டாள். நசீரா என்றதும் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒன்று தின்றாள், இன்னொன்று கேட்டாள், விரலைச் சூப்பினாள்.

"அண்ணே, நீங்க போட்டது இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது."

எனக்கு ஒரு துண்டை வைத்தார்கள். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். மென்றேன். மெதுவாகத்தான் மென்றேன். நார் தெரிந்தது, வழுவழுப்புத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

"எப்படி இருக்கு மச்சான்? நசீரா கேட்டு வரச் சொன்னா."

"உப்புக் கொஞ்சம் தூக்கல்னு சொல்லு" என்றேன்.

"உப்புச் சரியாத்தானே இருக்கு?"

"தூக்கல்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டேன்.